மலையனூர் போய் வந்த ஊசி

செஞ்சி பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் காசு வாங்க உட்கார்ந்திருப்பவர்தான் என் வியாதியை முதலில் கவனித்தார். விடிகாலையில் பூப்பெட்டி இறக்கப் போகிற நான், ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில் அவர் முன்னால் போய் நிற்பேன். "இன்னாண்ணே, இப்பதான போயிட்டு வந்த?" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "காசு குடுக்கறேன் இல்ல? உனக்கு இன்னாய்யா கணக்கு?" என்று கத்திவிட்டு உள்ளே போவேன். உள்ளே போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வெளியே வந்தால் மறுபடி முட்டும். வயசானால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

என் வீட்டுக்காரி விடவில்லை. பஜாரில் பூக்கடையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடத்துகிறோம். கத்துவது நான், காரியத்தை முடிப்பது அவள். "யோவ், ஒரு மொழம் பூ அளக்கறதுக்குள்ள ரெண்டு தரம் எழுந்து ஓடற. இது வயசுக் கோளாறு இல்ல, வேற இன்னாவோ" என்று ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு என்னைப் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்தும் பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் எங்களை உட்கார வைத்து, புரோஸ்டேட் சுரப்பியில் புற்று, அக்கம்பக்கத்திலும் கொஞ்சம் பரவியிருக்கிறது என்றார். அதற்குமேல் எனக்குக் காது அடைத்துவிட்டது. மீதியெல்லாம் அவள்தான் கேட்டுக்கொண்டாள். வரும் வழியில், திண்டிவனம் தாண்டியதும், எனக்குப் புரிகிற மாதிரி அவள் எடுத்துச் சொன்னாள்.

இந்தப் புற்று, ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனைத் தின்று வளர்வது. மூளையிலிருந்து உத்தரவு இறங்கினால்தான் அந்த ஹார்மோன் சுரக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் உத்தரவு கீழே போய்ச் சேராது. தீனி கிடைக்காமல் புற்று சுருண்டு படுத்துவிடும். பி.எஸ்.ஏ. என்று ரத்தத்தில் ஒன்றைப் பார்ப்பார்கள். அது இறங்கினால் நல்லது, ஏறினால் ஆபத்து. ஊசி நாள் மட்டும் தவறவே கூடாது.

அடுத்த முறை போனபோது என் வீட்டுக்காரி டாக்டரிடம், "இதுக்குத் தடுப்பூசி மாதிரி ஒண்ணும் கெடையாதா டாக்டர்? கொழந்தைங்களுக்குப் போடறாங்களே, அந்த மாதிரி?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர் சிரிக்கவில்லை.

"அப்படி ஒண்ணு கொண்டு வரத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க. உடம்பே அந்த ஹார்மோனை எதிரின்னு நெனச்சு மடக்கிப் போடற மாதிரி. ஆனா மருந்தைச் செய்யறது ஒரு பாடுன்னா, அதைக் கெடாம, உடம்புல சரியான எடத்துக்குக் கொண்டு போய்ச் சேக்கறது பெரும்பாடு. அது வர்ற வரைக்கும் இந்த ஊசிதான்."

அவ்வளவு பேச்சில் எனக்கு ஒன்றுதான் மனசில் ஒட்டியது. கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அட, இது நம்ம தொழிலாச்சே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் பின்னால் என்னை நடுரோட்டில் ஓடவிட்டது.

முதல் இரண்டு ஊசியைப் பாண்டிக்கே போய்ப் போட்டுக்கொண்டோம். போய் வருவதற்குள் உயிர் போய்விடும். வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நான் டிரைவரிடம் கெஞ்ச, ஜனம் என்னைப் பார்க்க, மானம் போகும். "மருந்து வந்து சேந்தா உங்க ஊர்லயே போட்டுக்கலாம்" என்றார் டாக்டர். எங்கள் பஜாரை ஒட்டி ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. அங்கே இருக்கும் சிஸ்டர் போட்டுவிடச் சம்மதித்தார். பாண்டி மருந்துக்கடையிலிருந்து பஸ்ஸில் அனுப்புவதாக ஏற்பாடு. பூப்பெட்டி அப்படித்தானே வருகிறது? மருந்து வராதா என்ன?

வந்தது, நல்லா வந்தது. ஏதோ நீல நிற டப்பா, உள்ளே ஜெல் பை இரண்டு. பஸ் வழியில் பஞ்சராகி வெயிலில் நின்றிருக்கிறது. டப்பாவைத் திறந்தால் ஜெல் பை இட்லிமாவு மாதிரி கொழகொழவென்று வெதுவெதுப்பாக இருந்தது. சிஸ்டர் போனில் டாக்டரிடம் கேட்டார். போடவே கூடாது என்றுவிட்டார். மறு மருந்து கைக்கு வர நாள் ஆகிவிட்டது. அதற்குள் அந்த பி.எஸ்.ஏ. லேசாக மேலே ஏறத் தொடங்கியது.

டாக்டர் முகத்தில் அன்றைக்குச் சிரிப்பில்லை. "இனி ஒரு தரம் இப்படி ஆச்சுன்னா நம்ம யோசிக்கணும். ஊசி ஒழுங்கா வந்து சேராதுன்னா ஆபரேஷன் இருக்குது. விதையை எடுத்துட்டா ஹார்மோனும் நின்னுடும், ஊசியும் தேவையில்ல."

"எடுத்துடுங்க டாக்டர்" என்றாள் என் வீட்டுக்காரி, கத்தரிக்காய்க்குக் காம்பு எடுக்கச் சொல்வதுபோல.

"யாருதுடி எடுக்கச் சொல்ற?" என்று அந்த அறையிலேயே கத்திவிட்டேன். வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் செத்துப்போவதைவிட எதுவும் தேவலை என்று அவளுக்கு. எனக்கு இரண்டுமே பயம்தான். ஆண்பிள்ளை, அறுபது வயசு தாண்டியாச்சு, இனிமேல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்கலாம். ஆனாலும் பயமாக இருந்தது.

அன்றைக்கே நேராக மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் என் மகள் வயசு இருக்கும். "பாப்பா, பெட்டி கட்டறது எப்படின்னு நான் சொல்றேன், கேட்டுக்க" என்று ஆரம்பித்தேன். தடித்த தெர்மாகோல் பெட்டி. அடியில் உடைத்த ஐஸ். அதன்மேல் செய்தித்தாள் நாலு மடிப்பு, ஏனென்றால் ஐஸ் நேராகப் பட்ட மொட்டு கருகிவிடும். மேலே மறுபடி தாள். பெட்டிக்கு மேல் ஈரச் சாக்கு போட்டுத் தைத்துவிட வேண்டும். எந்த வெயிலிலும் சாயங்காலம்வரை ஜில்லென்று நிற்கும். தெற்கிலிருந்து வருகிற மல்லி அப்படித்தான் மொட்டு விரியாமல் வந்து சேர்கிறது.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டது. "நல்ல ஐடியா அங்கிள். ஐஸ் படக் கூடாதுன்றது மருந்துக்கும் ரொம்ப முக்கியம். சூடானாலும் கெடும், உறைஞ்சாலும் கெடும். நான் மருந்தை ஒரு டிபன் டப்பாவுல போட்டு நடுவுல வெக்கறேன். கூடவே ஒரு சின்ன தெர்மாமீட்டர் வெக்கறேன். எவ்ளோ ஏறிச்சு, எவ்ளோ எறங்கிச்சுன்னு அதுவே ஞாபகம் வெச்சுக்கும்."

"தெர்மாமீட்டரா? நாங்கல்லாம் பெட்டிமேல கைய வெச்சே சொல்லுவோம்மா."

"இருக்கட்டும் அங்கிள்" என்றது. "சிஸ்டர் கையால பிரிக்கற வரைக்கும் நீங்க மட்டும் தொறக்காதீங்க. தொறந்தா குளிர் போயிடும்."

ஊர் திரும்பும்போது எனக்கு ஒரே பெருமை. படித்தவர்களுக்கே பாடம் சொல்லிவிட்டு வந்தேன் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வேறு அளந்தேன். மருந்துப் பெட்டியைப் பூப்பெட்டி மாதிரியே கட்டச் சொன்னால் அது பூப்பெட்டி மாதிரியேதான் இருக்கும் என்கிற சின்ன விஷயம் இந்த மண்டையில் ஏறவில்லை.

இங்கே அம்மன் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வியாதி என்று தெரிந்த அன்றைக்கே என் வீட்டுக்காரி மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். எனக்கு அந்த பி.எஸ்.ஏ. நம்பர் நல்லா இறங்குகிற வரைக்கும் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு பெட்டி மல்லி. அமாவாசை அன்றைக்குத்தான் மல்லிக்கு விலை எகிறும். அன்றைக்குத்தான் இவள் பெட்டி பெட்டியாகத் தூக்கிக் கொடுப்பாள். நான் முணுமுணுப்பேன். அவள் கண்டுகொள்ள மாட்டாள். அந்தப் பெட்டிக்கு அவள் வைத்திருக்கும் சட்டம் வேறு. விடிகாலை பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கும் பெட்டி அம்மனுக்கு. அதைத் திறக்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது, கீழே தரையில் வைக்கக் கூடாது. கையில் வாங்கி, ஒரு வேப்பங்கொத்தை மஞ்சள் கயிற்றால் கட்டி, அப்படியே மலையனூர் பஸ் ஏறிவிடுவாள். அங்கே கோயிலுக்குப் பூ கட்டுகிற கொட்டகையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். சாயங்காலத்துக்குமேல், ராத்திரி அம்மனை ஊஞ்சலில் வைக்கிற அலங்காரத்துக்குப் பெட்டியைப் பிரிப்பார்கள்.

அடுத்த ஊசி நாள் வந்தது. மருந்து ஸ்டாக் வரவில்லை என்று தள்ளித் தள்ளி, கெடுவின் கடைசி நாளில் அனுப்பினார்கள். அந்த நாள் அமாவாசை.

பாண்டியிலிருந்து திண்டிவனம் வழியாக வருகிற முதல் பஸ். பாண்டியில் ஏறியது மருந்துப் பெட்டி. தெற்கிலிருந்து வந்து திண்டிவனத்தில் ஏறியது பூப்பெட்டி. அந்த மாசம் மல்லி வரத்து படுத்துவிட்டதால் எங்களுக்கு ஒரே பெட்டிதான் கிடைத்தது. ஆக பஸ்ஸில் மொத்தம் இரண்டு பெட்டி. பஸ் உள்ளே நுழையும்போது சரியாக எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. "இதோ வந்துட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

மருந்துக்காரப் பெண், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியதால், டிரைவர் அந்தப் பெட்டியைத் தன் காலடியிலேயே பத்திரமாக வைத்திருக்கிறார். பத்திரமாக வைத்தது முதலில்தானே இறங்கும்? ஜன்னல் வழியாக எடுத்து நீட்டினார். ஈரச் சாக்கு, தையல், உள்ளே தெர்மாகோல். முதலில் இறங்கிய பெட்டி. அவள் கையில் வாங்கினாள், வேப்பங்கொத்தைக் கட்டினாள். எதிரில் மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. நான் வெளியே வந்தபோது அவள் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். "உன் மருந்து அங்க இருக்குது பாரு, கண்டக்டர்கிட்ட" என்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.

நானும் மிச்சமிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிரிட்ஜில் தட்டுகளைக் கழற்றி, தயிரையும் இட்லிமாவையும் வெளியே தள்ளிவிட்டு, அந்தப் பெட்டியைச் சாக்கோடு உள்ளே திணித்தேன். வாசம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்திருக்கும். முப்பது வருஷமாக மல்லியிலேயே புரண்டவனுக்கு மூக்கு மரத்துப் போய்விட்டது. என் சட்டை, தலையணை, ரூபாய் நோட்டு எல்லாமே மணக்கிறது என்று மற்றவர்கள்தான் சொல்கிறார்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் பெட்டியோடு கிளினிக் போனோம். சிஸ்டர் கத்தரிக்கோலால் தையலை வெட்டி மூடியைத் தூக்கினார். "ஆகா, இன்னா வாசம்!" என்று குனிந்து மோந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணா, மருந்து எங்க?"

எட்டிப் பார்த்தேன். பெட்டி நிறைய மல்லி மொட்டு. ஒரு மொட்டுகூட விரியாமல், வெள்ளை வெளேரென்று. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அவள் மட்டும் "அம்மா தாயே" என்றாள், அதுவும் மெதுவாக.

"யாரக் கேட்டுடி மொதல் பெட்டிய தூக்கின?"

"யாரக் கேட்டுய்யா நீ கக்கூசுக்குப் போன?"

"உன் வேண்டுதலால இப்ப என் உயிரே போவப் போவுது!"

"உன்னால தாய்யா! நல்லா இருந்த நீலப் பொட்டிய மாத்தி, பூப்பொட்டி மாதிரி கட்டச் சொன்னது யாரு? நானா?"

சிஸ்டர் நடுவில் வந்து, "அண்ணா, சண்டைய வீட்ல போய்ப் போடுங்க. மலையனூர்ல இன்னும் பெட்டியப் பிரிச்சிருக்க மாட்டாங்க. போய் எடுத்துட்டு வாங்க, வர்ற வரைக்கும் நான் கிளினிக்க மூடாம இருக்கேன்" என்றார். அந்த நேரத்தில் அப்படி ஒரு வார்த்தை சொன்னாரே, அவர் நல்லா இருக்கணும்.

மொபெட்டைக் கிளப்பினேன். அவள் பின்னால் ஏறினாள், மல்லிப் பெட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டு. அமாவாசை சாயங்காலத்தில் மலையனூர் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். ஸ்பெஷல் பஸ், வேன், ஷேர் ஆட்டோ, டிராக்டர், நடந்து போகிற ஜனம். செஞ்சிக் கோட்டை மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, ஆனால் நடுவழி ஊரான வளத்தி வந்தபாடில்லை. நடுவில் எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று எரிந்து வேர்த்துக் கொட்டியது. இந்த ஊசி போட்டதிலிருந்து அப்படித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவள் முந்தானையால் என் பிடரியைத் துடைத்துவிட்டாள். "தூரம் நின்னப்ப நான் நாலு வருஷம் இப்படித்தான் வெந்தேன். அப்ப நீ பேன நிறுத்து, குளிருதுன்னு சொல்லுவ" என்றாள். அந்த அவதியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வளத்தி தாண்டி ஒரு முள்ளுச்செடி மறைவில் மொபெட்டை நிறுத்தினேன். "இப்பவா?" என்று அவள் கத்தினாள். நின்றேன், நின்றேன், வரவில்லை. அப்போதுதான் பயம் முழுசாகப் பிடித்தது. மருந்து கெட்டிருந்தால் நாள் தவறும். நாள் தவறினால் நம்பர் ஏறும். ஏறினால் ஆபரேஷன், அதற்கும் அடங்காவிட்டால் என்னவென்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாகப் பயமாக இருக்கிறது என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். முள்ளுச்செடிக்குத்தான் கேட்டிருக்கும்.

கொட்டகை வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினோம். உள்ளே மலைமாதிரி பெட்டி. எல்லாம் தெர்மாகோல், எல்லாம் சாக்கு. பாதிக்குமேல் பிரித்துக் கொட்டியிருந்தார்கள். பூ கட்டுகிறவர்களுக்குத் தலைவர் மாதிரி இருக்கிறவர் என் வீட்டுக்காரியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அக்கா, நல்லவேள வந்தீங்க. உங்க வேப்பங்கொத்து கட்டின பொட்டி இன்னிக்கு எடை கம்மியா இருக்குதேன்னு மதியமே பிரிச்சுப் பாத்தேன். உள்ள பூ இல்ல, ஒரு டிபன் டப்பாவுல ஊசி படம் போட்ட மருந்து இருந்துது. உங்க போன் நம்பர் எங்கிட்ட இல்ல. மருந்துன்னா ஜில்லுன்னு இருக்கணுமேன்னு ஒரு அன்னக்கூடை ஐஸ மேல கொட்டி மூடி வெச்சிருக்கேன்."

பாவம், நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார். ஆனால் எனக்கு, சூடானாலும் கெடும், உறைஞ்சாலும் கெடும் என்று அந்தப் பெண் சொன்னது காதில் கேட்டது. அவர் ஒரு மூலையிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தார். மூடியைத் திறந்தால் விளிம்புவரை ஐஸ். கை விறைக்க விறைக்க வாரிக் கீழே தள்ளினேன். அதன் அடியில் செய்தித்தாள். நான் சொன்னபடி நாலு மடிப்பு இல்லை, எட்டு மடிப்பு இருக்கும். அந்தப் பெண் என்னைவிடக் கெட்டி. அதற்கும் அடியில் டிபன் டப்பா. டப்பாவுக்குள் மருந்தும், தீப்பெட்டி அளவுக்கு அந்தத் தெர்மாமீட்டரும்.

அதில் ஏதோ நம்பர் தெரிந்தது. எனக்கு அதைப் படிக்கவும் தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. பெட்டிமேல் கையை வைத்தே சொல்லுவேன் என்று அளந்த ஆள் நான். கை விறைத்துப்போய், சூடா குளிரா என்றே தெரியாமல் நின்றேன். அவள்தான் போனைப் பிடுங்கி மருந்துக்கடைக்குப் போட்டாள்.

"பாப்பா, பொட்டி மாறிப் போச்சும்மா. மேல ஐஸக் கொட்டிட்டாங்க. இந்தத் தெர்மாமீட்டர்ல எத அமுக்கணும்?"

அந்தப் பெண் பதறாமல் சொன்னது. அவள் ஒரு பட்டனை அமுக்கினாள். "கொறஞ்சது மூணுன்னு காட்டுது." இன்னொரு தரம் அமுக்கினாள். "ஏறினது ஏழு."

"லைன்லயே இருங்க ஆன்ட்டி" என்றது அந்தப் பெண். கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டேன் ஆன்ட்டி" என்று அந்தப் பெண் திரும்பி வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கொட்டகைக்கே கேட்டது. "ரெண்டுக்குக் கீழ போகல, எட்டுக்கு மேல ஏறல. மருந்துக்கு ஒண்ணும் ஆகல. தாராளமா போட்டுக்கலாம்."

வயிற்றில் பால் வார்த்தது அந்தப் பெண். போன உயிர் திரும்பி வந்ததென்று சொல்வார்களே, அது இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பூக்கட்டுகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, தம்பி" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணில் பொலபொலவென்று வந்துவிட்டது. இதுவும் அந்த ஊசியின் வேலைதான், சும்மாவே அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அழுதது ஊசியால் இல்லை.

கிளம்பும்போதுதான் அவளுக்கு மல்லி நினைவு வந்தது. பெட்டியைத் திறந்தாயிற்று, சிஸ்டர் மோந்தும் பார்த்தாயிற்று. அவள் சட்டப்படி அது இனி அம்மனுக்கு ஆகாது. "பரவால்லக்கா, குடுங்க, நான் கட்டிக்கறேன்" என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. வெளியே வரிசையில் நின்ற பெண்களுக்கெல்லாம் கை நிறைய அள்ளி அள்ளிக் கொடுத்தாள். அவர்கள் முந்தானையில் வாங்கிக்கொண்டார்கள். பெட்டி காலியானதும் வண்டியில் ஏறினாள். இந்தத் தரம் மடியில் மருந்து.

கிளினிக்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிஸ்டர் மருந்தைக் கலக்கி, "கொஞ்சம் வலிக்கும் அண்ணா" என்றார். வலிக்கட்டும் என்றேன். எனக்குத் தெரிந்து, ஊசி குத்தும்போது சிரித்த ஆள் நான் ஒருத்தன்தான்.

ஆனால் என் வீட்டுக்காரிக்கு மட்டும் நிம்மதி இல்லை. அந்த அமாவாசைக்கு அம்மனுக்குப் பூ போகவில்லை. கடையில் உட்கார்ந்து மல்லி தொடுத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று கை நின்றுவிடும். "இன்னாடி?" என்றால் ஒன்றுமில்லை என்பாள். "அட, உன் பூ போகலன்னா இன்னா, என் மருந்தே நாள் பூரா அவகிட்ட தான இருந்துது" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். என்னை முறைத்தாள். பிறகு யோசித்துப் பார்த்து, "அதுவும் சரிதான்" என்றாள். ஆனாலும் கை நின்று நின்றுதான் ஓடியது.

ரத்தம் எடுக்கச் சொன்ன நாளில் பாண்டிக்குப் போனோம். மறுநாள் கடையில் இருக்கும்போது போன் வந்தது. டாக்டரே பேசினார். "உங்க பி.எஸ்.ஏ. நல்லா எறங்கிடுச்சு. நான் எதிர்பாத்ததவிட கீழ இருக்குது. ஆபரேஷன் பேச்சே இப்ப வேணாம். இப்படியே ஊசிய நாள் தவறாம போட்டுக்கிட்டு வாங்க." நான் சரி சரி என்று தலையை ஆட்டினேன், போனில் தலையாட்டினால் அவருக்குத் தெரியுமா என்ன. திரும்பி அவளிடம், "எறங்கிடுச்சாம்" என்றேன்.

இத்தனை நாளில் என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை அப்படியே போட்டுவிட்டு, மல்லிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பூ வாங்க நின்ற பெண் பயந்துபோய், இன்னாச்சு இன்னாச்சு என்றது. "ஒண்ணும் இல்லம்மா, நல்ல சேதிதான்" என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு ரெண்டு மொழம் கூடவே அளந்து கொடுத்தேன்.

வேண்டுதல் முடிந்துவிட்டது. நம்பர் இறங்குகிற வரைக்கும்தானே? அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள், "பெட்டி இனிமே வேணாம் இல்ல?" என்று கேட்டேன். தொடுத்துக்கொண்டிருந்த அவள் கை மறுபடி நின்றது. நானே திண்டிவனத்துக்குப் போன் போட்டு எப்போதும்போல அனுப்பச் சொல்லிவிட்டேன். போன தரம் போகாத பெட்டி ஒன்று பாக்கி இருக்கிறது இல்லையா?

விடிகாலையில் பஸ் ஸ்டாண்டில் நான்தான் முன்னால் நின்றேன். முதலில் இறங்கிய பெட்டியை நானே கையில் வாங்கினேன். இந்த மாசம் மருந்து வரும் மாசம் இல்லை, ஆனாலும் எனக்குப் போன தரத்துப் பயம் போகவில்லை. பூதானா என்று சாக்கில் மூக்கை வைக்கப் போனேன். அவள் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "மோந்து பாக்காதய்யா!"

"எனக்கு எங்கடி வாசம் தெரியுது?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வேப்பங்கொத்தைக் கட்டினாள். மலையனூர் பஸ் வர நேரமானது. பெட்டியைக் கீழே வைக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

எதிரில் கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, கைகளை வாயருகே குவித்துக் கத்தினார்.

"இன்னாண்ணே, கொஞ்ச நாளா ஆளையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சரியாயிட்டுதுய்யா!" என்று நானும் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.